நம் ஊர்க் கோட்டையும் சீரங்கப்பட்டணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எனக்கு முன் பேசிய புலவர் பெருமக்கள் இலக்கியத் தேனை வாரி வழங்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பேறு இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கேடு எழுத வந்தவன் நான். ஆதலின் கண்ணால் கண்டதையும், கண்டபின் ஆவல் தூண்டத் தேடிப் படித்ததையும் சொல்லி அமைவேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் போர்க்களம்.

போர்க்களம் என்றவுடன் நம் நெஞ்சம் குருச்சேத்திரத்துக்கும் பானிப்பட்டுக்கும் ஓடுகிறது. அவ்வளவு தொலைவு ஓட வேண்டியதில்லை. நாம் மாலை வேளையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உலாவச் செல்கிறோமே, அந்தப் பாலக்காட்டுக் கோட்டை அகழியின் கரை, அதுவே ஒரு போர்க்களம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முப்பது ஆண்டுகளுக்குள் மீண்டும் மீண்டும் கை மாறிய களம். நம் பிள்ளைகள் பந்து விளையாடும் கோட்டை மைதானத்தில் யானைகளும் குதிரைகளும் கட்டப்பட்டிருந்தன என்று ஊரார் சொல்வர்.

இவ்வளவு சண்டை ஏன் இந்த இடத்தில் நடந்தது? விடை, நாள்தோறும் நம் வண்டிகள் ஓடும் வழியிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்கிறது. வடக்கே நீலமலை, தெற்கே ஆனைமலை. இடையில் முப்பது கிலோமீட்டருக்கும் மேலான அகலத்தில் இயற்கை திறந்துவைத்த ஒரே பெருவாயில் நம் கணவாய். வாளையாற்றிலிருந்து வீசும் காற்று முதல் பொதிமாட்டு வணிகர் வரை எல்லாம் இவ்வழியே வந்தன. 1862இல் இருப்புப்பாதை இவ்வழியே போத்தனூரை எட்டியது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே படைகள் வந்துவிட்டன.

முதலில் அழைத்தவர் பாலக்காட்டு அரசரே. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் நெருக்குதலைத் தாங்கமாட்டாது, திண்டுக்கல்லில் மைசூர்ப் படைத்தலைவராக இருந்த ஐதர் அலியிடம் அவர் உதவி வேண்டினார். 1757இல் ஐதரின் படை கணவாயைக் கடந்து வந்தது. உதவிக்கு வந்தவன் வழியைத் தெரிந்துகொண்டான். 1766இல் மலையாள நாட்டின் மீது படையெடுத்த ஐதர், அவ்வாண்டிலேயே இந்தக் கோட்டையைக் கட்டினார். கோவைக்கும் மேல்கடற்கரைக்கும் இடையே போக்குவரத்து தடையின்றி நடக்க வேண்டும் என்பதே நோக்கம். இன்று நாம் இங்கே இருப்பதற்கும் ஏறத்தாழ அதே போக்குவரத்துதான் காரணம்!

1768இல் கர்னல் உட் இதைப் பிடித்தார். சிறிது காலத்தில் ஐதர் மீட்டுக்கொண்டார். 1783 நவம்பரில் கர்னல் புல்லார்ட்டன் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். இந்தப் புல்லார்ட்டனின் வழியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். தாராபுரத்தைப் பிடித்த அவர் படை, பின்னர் ஆனைமலைக் காட்டுக்குள் புகுந்தது. ஐப்பசி மழை. பீரங்கிகளை இழுக்கும் மாடுகள் சேற்றில் புதைய, மரங்களை வெட்டி, ஓடைகளை நிரவி, பாதை செய்துகொண்டே வர வேண்டியிருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நம் உறுப்பினர் பலர் அந்தக் காட்டையும் அந்த மழையையும் அறிவர். பாலக்காடு வீழ்ந்தபின் அதே மாதத்தில் கோவையும் வீழ்ந்தது. அங்கிருந்து சீரங்கப்பட்டணத்துக்கே போய்விடலாம் என்று அவர் ஆயத்தமானபோது, சமாதானப் பேச்சு நடக்கிறது, நிற்க என்று ஆணை வந்தது. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையில் கோட்டை திப்பு சுல்தானுக்கே திரும்பிப் போயிற்று. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் ஆகஸ்டில் திண்டுக்கல்லையும் செப்டம்பரில் பாலக்காட்டையும் பிடித்தார். அதன்பின் அது கம்பெனியாரின் கையை விட்டுப் போகவில்லை. 1792 உடன்படிக்கையில் மலபாரும் திண்டுக்கல்லும் பாரமகாலும் ஒருசேர அவர்கள் வசமாயின.

இங்கே ஒன்று கவனியுங்கள். உட், புல்லார்ட்டன், ஸ்டூவர்ட் என்று மூன்று பெயர்களைச் சொன்னேன். அந்தச் சேற்றில் பீரங்கி இழுத்தவர் யார்? சுவரில் ஏணி சாத்தியவர் யார்? கம்பெனியின் சென்னைப் படையில் சிப்பாய்களே மிகுதி. அவருள் தமிழரும் தெலுங்கரும் முசுலிம்களும் பலர். எதிர்ப்புறத்திலும் அப்படியே. ஐதர் தம் படையை முதலில் பெருக்கியது திண்டுக்கல்லில் அல்லவா? பிரெஞ்சுக்காரரைக் கொண்டு அவர் ஆயுதச்சாலை அமைத்ததும் அங்கேதான். ஆகவே மதிலின் மேலும் தமிழன் நின்றிருப்பான், மதிலின் கீழும் தமிழன் நின்றிருப்பான். கணவாய் வழியே பிழைப்புக்காக இவ்வூர் வந்த தமிழர் வரிசையில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள். அவர்களுள் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காக இடையில் ஒரு செய்தி. உங்கள் மலையைப் பற்றிய நூல்களில், 1790இல் திப்புவின் பின்வாங்கலைத் தடுக்க ஆர்தர் வெல்லெசுலி, அதாவது பிற்காலத்து வெலிங்டன் பிரபு, வண்டிப்பெரியாற்றிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக மூணாற்று மலை ஏறினார் என்று ஒரு கதை எழுதப்பட்டிருக்கிறது. சுற்றுலா வருவோரிடமும் சொல்லுகிறார்கள். அவர் இந்திய மண்ணில் கால் வைத்ததே 1797இல்! எவரோ ஒருவர் அந்த மலையைத் தாண்டியிருக்கலாம். கடந்தவன் பெயர் தெரியாதபோது புகழ்பெற்ற பெயரை ஒட்டிவிடுவது உலக வழக்கம். சம்பளப் பட்டியலில் அப்படிச் செய்தால் தணிக்கையாளர் விடமாட்டார், வரலாற்றில் விட்டுவிடுகிறார்கள்.

இனிச் சீரங்கப்பட்டணம். பாலக்காட்டுக் கோட்டையை 1790இல் பிடித்த கை, 1799இல் எங்கே போய் முடிந்தது என்று காணும் ஆவலால் சென்ற ஆண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இருப்புப்பாதைக்காரனாக இருந்தும் கோவையிலிருந்து பேருந்தில்தான் போனேன் என்பதைச் சொல்லச் சற்று நாணமாகவே இருக்கிறது. சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி மைசூரை அடைந்தேன். அங்கிருந்து வண்டி ஏறினால் சிறிது நேரத்தில் சீரங்கப்பட்டணம்.

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் தீவு அது. வண்டி கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. கோட்டைக்குள்ளேயே புகுந்து, அரங்கநாதர் கோயிலுக்கு அருகாகச் செல்கிறது. அக்காலத்து ஆங்கிலப் பொறியாளருக்கு, வென்றுவிட்ட கோட்டையின் மீது மதிப்பு இருந்திருக்க வழியில்லை. ஆனால் நம் காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். பெங்களூர் மைசூர் பாதையை இரட்டிப்பாக்கும்போது திப்புவின் படைக்கலக் கொட்டில் ஒன்று குறுக்கே நின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய, ஏறத்தாழ 1,000 டன் எடையுள்ள கட்டடம். இடித்துவிடுவது எளிது. இடிக்கவில்லை. 2017இல் அடியோடு பெயர்த்து, உருளைகளின் மீது ஏற்றி, நூறு மீட்டர் அளவு நகர்த்தி வேறிடத்தில் அமர்த்தினார்கள். அதன் முன் நான் அரை மணி நேரம் நின்றேன். உடன் வந்தவர்கள் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு பெட்டி தடம் புரண்டால் அதைத் தூக்கி நிறுத்த எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அறிந்தவர்களுக்குத்தான் அதில் என்ன இருக்கிறது என்பது விளங்கும்.

கோட்டையின் மேற்குப் பக்கத்தில், சுவர் உடைக்கப்பட்ட இடத்துக்கு அருகில் நின்று ஆற்றைப் பார்த்தேன். 1799 மே 4ஆம் நாள், நண்பகல் கடந்து, வெயில் கொளுத்தும் வேளையில், ஆங்கிலப் படை இந்த ஆற்றில் இறங்கியது. கோடையாதலால் நீர் குறைவு, பாறைகள் தெரிந்தன. தளபதி ஆரிசின் பாசறையில் உணவு தீரும் நிலை. இன்னும் சில வாரம் கழிந்திருந்தால் குடகில் மழை பெய்து காவிரி பெருகியிருக்கும், முற்றுகை கலைந்திருக்கும். தாக்குதலை நடத்திச் சென்றவர் டேவிட் பேர்ட். இவர் அதே கோட்டையில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக விலங்கிட்ட கைதியாகக் கிடந்தவர். சிறிது நேரத்தில் உடைப்பின் மேல் கொடி ஏறிற்று. மாலைக்குள் எல்லாம் முடிந்தது. திப்புவின் உடல் கோட்டை வாயில் ஒன்றின் அருகே பிணக்குவியலின் நடுவில் இரவில் கண்டெடுக்கப்பட்டது. அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஒரு நாட்டின் முடிவுக்கு நட்ட கல் இவ்வளவு சிறியதா என்று தோன்றிற்று.

உடைப்பின் அருகில் உள்ள தூண் சிறியதன்று. 1907இல் மைசூர் அரசு எழுப்பியது அது. முற்றுகையில் வீழ்ந்த வீரமிக்க அதிகாரிகளின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அதிகாரிகளின் பெயர்கள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஆற்றில் இறங்கிய நாலாயிரத்துக்கு மேற்பட்டோரில் சிப்பாய்கள் ஏறத்தாழப் பாதி. அவர்களுள் மாண்டவன் ஒருவனுக்கும் அங்கே ஓரடி இடமில்லை.

அங்கிருந்து தரியா தௌலத் மாளிகைக்குச் சென்றேன். 1784இல் திப்பு கட்டிய கோடை மாளிகை. பெரும்பகுதி தேக்கு மரம். தோட்டத்தின் நடுவே பச்சைத் திரைகள் தொங்க அமைதியாக நிற்கிறது. இன்று தொல்லியல் துறையின் பொருட்காட்சிச்சாலை அதனுள் இருக்கிறது. திப்புவின் ஓவியங்கள், தாமஸ் இக்கி தீட்டிய உருவப்படங்கள், நாணயங்கள், போரைக் காட்டும் அச்சுப்படங்கள் எல்லாம் உண்டு. ஆயினும் சிறப்பான பொருள்கள் பல அங்கில்லை. ஆங்கிலச் சிப்பாயைப் புலி கவ்வும் அந்தப் பொறிப்பாவை இலண்டன் காட்சிச்சாலையில் இருக்கிறது. திப்புவின் வாள் ஒன்று 2023இல் இலண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. பெயர்த்து எடுக்க முடியாதது ஒன்றே அங்கே தங்கிவிட்டது. அது மேற்குச் சுவர் ஓவியம்.

அந்த ஓவியத்தைக் காணத்தான் நான் அங்கே போனேன் என்று கண்டபின் அறிந்தேன். ஏனெனில் அது மைசூர் நாட்டுக் களமன்று; நம் தொண்டை நாட்டுக் களம். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். 1780 செப்டம்பர் 10.

குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஏறத்தாழ 3,800 பேருடன் காஞ்சியை நோக்கி வந்துகொண்டிருந்தார். காஞ்சியில் தளபதி மன்றோ பெரும்படையுடன் காத்திருந்தார். இருவரும் சேரவிடாமல் ஐதரும் திப்புவும் இடையில் புகுந்து வளைத்துக்கொண்டனர். ஓவியத்தின் நடுவே ஆங்கிலப் படை நாற்சதுரமாக நெருங்கி நிற்கிறது. அதன் உள்ளே பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். அவருக்கருகில் வெடிமருந்து வண்டி ஒன்று தீப்பற்றி வெடிக்கிறது. பிரெஞ்சுக்காரர் லாலி தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்புறமும் மைசூர்க் குதிரைகள் பாய்கின்றன, தலைகள் உருளுகின்றன. அந்தக் களத்தில்தான் மைசூரார் இரும்புக் குழாயில் மருந்தடைத்த ஏவுகணைகளை ஆங்கிலர்மீது ஏவினர். வண்டி வெடித்ததற்கு ஏவுகணையே காரணம் என்பாரும், பீரங்கிக் குண்டு என்பாரும் உளர். இந்த ஏவுகணைகளைக் கண்டுதான் பின்னர் இங்கிலாந்தில் காங்கிரீவ் தம்முடையதைச் செய்தார். நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் 1963இல் அமெரிக்காவில் வாலப்சு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குச் சென்றபோது, வரவேற்புக் கூடத்தில் திப்புவின் ஏவுகணைப் போரைக் காட்டும் ஓவியம் ஒன்று மாட்டியிருக்கக் கண்டதாக எழுதியிருக்கிறார். நம்மவர் மறந்ததை அங்கே சுவரில் மாட்டியிருந்தார்கள்.

மன்றோ என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வெடிச்சத்தம் காதில் விழும் தொலைவில்தான் இருந்தார். பெய்லி அழிந்த செய்தி கேட்டதும், பெரும் பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். பெய்லி கைதியாகிச் சீரங்கப்பட்டணத்தில் 1782இல் மாண்டார். அவருக்கு அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. பேர்ட் சிறைப்பட்டதும் புள்ளலூரில்தான்.

ஓவியத்தை நெருங்கி நின்று முகங்களைப் பார்த்தேன். ஐதரின் முகம் தனி, திப்புவின் முகம் தனி. பெய்லிக்கும் தனி முகம் உண்டு. சிப்பாய்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். ஒருவன் முகமும் அடுத்தவன் முகமும் ஒரே அச்சு. தூணிலும் அவர்களுக்குப் பெயர் இல்லை. சுவரிலும் அவர்களுக்கு முகம் இல்லை. வென்றவன் நட்டது தூண், ஒருகால் வென்றவன் தீட்டியது சுவர். இருவரும் இதில் ஒத்துப்போகிறார்கள்.

கூலிக்கு மாரடித்தவனுக்குப் பெயர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்ட ஒரு நண்பருக்கு நான் வேலூரை நினைவூட்டினேன். சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் மக்களை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிக என்று கம்பெனி ஆணையிட்டது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியற்காலையில் அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தனர்; கோட்டையில் மைசூர்க் கொடியை ஏற்றினர். 1799இல் எந்தக் கொடியை இறக்கிய படையோ, அந்தக் கொடியை ஏழே ஆண்டில் ஏற்றியது அந்தப் படை! அன்று பகலுக்குள் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். சோற்றுக்காகச் சேர்ந்தவனுக்கும் மானம் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

திப்புவைப் பற்றி மலையாள நாட்டில் நினைவு ஒருமுகமானதன்று என்பதை நான் அறிவேன். ஆங்கிலரை இறுதிவரை எதிர்த்த வீரன் என்று போற்றுவாரும் இவ்வூரில் உளர். படையெடுப்பில் பட்ட துன்பத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவாரும் உளர். இரண்டிற்கும் காரணம் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரு தரப்பிலும் நின்று மடிந்த எளியவனைப் பற்றியே என் கவலை.

இனி நம் சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பிள்ளைகளை மலம்புழைக்கு அழைத்துச் செல்கிறோம். நல்லதே. இவ்வாண்டு ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், கோட்டைக்கு அழைத்துச் செல்வோம். மேற்கு வாயிலில் அனுமாரை வணங்கிவிட்டு உள்ளே போய், கொத்தளங்களின் மீது ஏறி, கருங்கல் சுவரின் கனத்தைக் காட்டி, அகழியைச் சுற்றி நடத்தி, உட் யார், புல்லார்ட்டன் யார், சுவரில் ஏறியவன் யார் என்று சொல்வோம். 1956இல் ஒலவக்கோட்டில் நம் கோட்டம் அமைந்த அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை இவ்வூர் சென்னை மாநிலத்தில் இருந்தது என்பதையும் அங்கேயே சொல்லலாம். எல்லைக் கோடுகள் எப்படி நகருகின்றன என்று கொத்தளத்தின் மேல் நின்று கேட்டால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

அடுத்த கோடை விடுமுறையில் பெரியவர்கள் புள்ளலூருக்குப் போகலாம். நானும் இன்னும் போனதில்லை. அங்கே இரண்டு தூண்கள் உண்டு. அவை 1780இல் மாண்டவர்களுக்கு அல்ல. மறு ஆண்டு ஆகஸ்ட் 27இல் அதே இடத்தில் நடந்த மற்றொரு போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பியவை. அதற்கும் 1,100க்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்ற இடம் புள்ளலூர் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. அந்தப் போரில் இறந்தவர்களைப் பற்றிச் செப்பேடும் ஒன்றும் சொல்லவில்லை.

வழி எளிது. செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் செல்லும் வண்டியில் ஏறிக் காஞ்சிபுரத்தில் இறங்க வேண்டும். மன்றோ பின்வாங்கிய வழியிலேயே நாம் முன்னோக்கிப் போகிறோம். வர விரும்புவோர் தம் பெயரைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்; முன்பதிவுக்கு நான் பொறுப்பு.